விழுந்த பல்லை வீசி எறியாதீர்கள்!

பால் பல் விழுந்தால் அதைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரை மேல் எறிவது நம் ஊர் வழக்கம். ஓட்டு வீடுகள் போய் கான்கிரீட் வந்த பிறகும், ‘சாணிக்கு எங்கே போவது’ என்று வெறும் பல்லையாவது மொட்டை மாடியில் வீசச் சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். பால் பல்லுக்கு அது போதும். விழ வேண்டியது விழுந்தது, புதுப் பல் முளைக்கும். ஆனால், விழுந்த பல் என்றாலே கதை முடிந்தது என்கிற நினைப்பும் இந்த வழக்கத்தோடு சேர்ந்து நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. பத்து வயதுப் பையன் கிரிக்கெட் பந்து பட்டு முன்பல்லை வேரோடு பறிகொடுத்து நிற்கும்போது, சுற்றியிருக்கும் பெரியவர்கள் வாயிலிருந்து கொட்டும் ரத்தத்தைப் பார்த்துப் பதறுகிறார்கள். பல்லை யாரும் தேடுவதில்லை. கிளினிக்கில் டாக்டர் “பல் எங்கே?” என்று கேட்கும்போதுதான் அது மைதானத்து மண்ணில் கிடப்பது ஞாபகத்துக்கு வருகிறது.

வாய்க்குள் வரும் அவசரங்களுக்கு வெவ்வேறு கெடு உண்டு. வேரோடு கழன்ற பல்லுக்கு நிமிடக் கணக்கு. முகத்தில் வரும் வீக்கத்துக்கு மணிக் கணக்கு. வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வெறும் பல்வலி, உயிரை வாங்கினாலும், ஒன்றிரண்டு நாள் தாங்கும். நாமோ இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். வலி என்றால் நள்ளிரவில் மெடிக்கல் கதவைத் தட்டுகிறோம். வீக்கம் என்றால் ‘தானா வடிஞ்சிடும்’ என்று மூன்று நாள் பார்க்கிறோம். பல்லைத் தூக்கிக் குப்பையில் போடுகிறோம்.

போதாக்குறைக்கு, பல் பிரச்னை நாள் பார்த்துத்தான் வரும். கிருஷ்ண ஜெயந்தி சீடை, தீபாவளி முறுக்கு, பொங்கல் கரும்பு என்று பல்லைப் பதம் பார்க்கும் பண்டிகைகள் அனைத்தும் விடுமுறை நாட்கள். அன்றைக்குப் பல் டாக்டரும் தன் வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டிருப்பார். அவர் வரும்வரை வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் வந்தபின் என்ன செய்ய முடியும் என்பது இருக்கிறது.

பல் மண்ணில், கடிகாரம் கையில்

முதலில், விழுந்தது பால் பல்லா, நிலைப் பல்லா என்று பாருங்கள். ஆறு வயதுக்கு மேல்தான் நிலைப் பற்கள் முளைக்கத் தொடங்கும். நிலைப் பல் பெரியது, பால் பல்லைவிட லேசான மஞ்சள் ஓடியிருக்கும். புதிதாக முளைத்த முன்பல்லின் விளிம்பை விரலால் தடவினால் ரம்பம் போல மூன்று சின்ன மேடுகள் தட்டுப்படும். பால் பல் என்றால் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப் பல்லின் மொட்டை அது கெடுத்துவிடலாம். அதற்காக டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. ஈறும் பக்கத்துப் பற்களும் என்ன ஆயின என்று அவர் பார்க்க வேண்டும்.

நிலைப் பல் என்றால் இனி ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பல்லையும் தாடை எலும்பையும் பிணைத்து வைத்திருந்தது அதுதான். அதன் உயிரணுக்கள் சாகாமல் இருந்தால் பல் மறுபடி பிடித்துக்கொள்ளும். காற்றில் உலர உலர அவை செத்துக்கொண்டே வரும். உலர்ந்த நிலையில் 60 நிமிடம் கிடந்த வேரில் பிழைத்த உயிரணு என்று சொல்லிக்கொள்ள ஏதும் இருக்காது. ஆகவே பல்லை எடுக்கும்போது வெள்ளையாக வெளியே தெரியும் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ ஒரு முறை அலசினால் போதும். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில விநாடிகள் காட்டலாம். தேய்ப்பது, சோப்பு போடுவது, டெட்டால் ஊற்றுவது, சுத்தமாக இருக்கட்டுமே என்று டிஷ்யூ பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பது எல்லாமே அந்தச் சவ்வைக் கொல்லும் வேலைகள்.

அடுத்து செய்ய வேண்டியதைக் கேட்டால் பலருக்குக் கை நடுங்கும். பல்லை அங்கேயே, அப்போதே, அதன் குழியில் திரும்பப் பொருத்துவதுதான் மிகச் சிறந்த முதலுதவி. பல் காய சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பு 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் முதலில் சொல்கிறது. பக்கத்துப் பல்லைப் பார்த்து, வழுவழுப்பாகப் புடைத்த பக்கம் உதட்டை நோக்கி இருக்கும்படி வைத்து, விரலால் மெதுவாக அழுத்தினால் பல் உள்ளே போய் உட்காரும். அடிபட்ட நிமிடங்களில் அந்த இடம் மரத்துக் கிடப்பதால் நாம் பயப்படும் அளவுக்கு வலிக்காது. பிறகு சுத்தமான கைக்குட்டையை மடித்து மெதுவாகக் கடிக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். லேசாகக் கோணலாக உட்கார்ந்தாலும் அவர் சரிசெய்துகொள்வார். பிள்ளை மயங்கி விழுந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, தலையில் அடி என்று சந்தேகம் இருந்தாலோ பல்லை மறந்துவிட்டு முதலில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பொருத்தத் துணிவில்லையா? ஃபிரிட்ஜைத் திறங்கள். ஆவின் பாக்கெட் எந்த நிறமாக இருந்தாலும் சரி, ஒரு டம்ளர் குளிர்ந்த பாலில் பல்லை முங்க வையுங்கள். பாலின் உப்புச் செறிவு நம் உடல் நீரின் செறிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அமிலத்தன்மையும் அதிகம் இல்லை. அதனால் வேர் உயிரணுக்கள் அதில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சர்க்கரை, ஹார்லிக்ஸ் கலந்த பால் வேண்டாம். மோர், தயிர் கூடவே கூடாது. வெறும் தண்ணீரில் போட்டால் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். இருந்தாலும் எதுவுமே இல்லாமல் காயவிடுவதற்குத் தண்ணீர் மேல்.

பால் இல்லாத வீட்டில்கூட ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கும். வயிற்றுப்போக்குக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் அதே உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்திய கதை பலருக்குத் தெரியும். விழுந்த பல்லுக்கும் அது உதவும் என்பது தெரியாது. 2020ல் வந்த சர்வதேச முதலுதவிப் பரிந்துரைகள் அதையும் ஏற்கத்தக்க திரவங்களில் சேர்த்திருக்கின்றன. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுப்படியே கரைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அடிபட்டவரையே ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பச் சொல்லிப் பல்லை அதில் போடலாம். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள் என்ற பழைய யோசனை குழந்தைகளுக்கு வேண்டாம், விழுங்கிவிடும்.

இளநீர்? நியாயமான கேள்வி. 2008ல் சென்னை ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, ஆய்வகத்தில் இளநீர் பாலைவிட நன்றாக உயிரணுக்களைக் காத்ததாக எழுதினார்கள். அதன்பின் வந்த வேறு சில ஆய்வுகள் இளநீரின் அமிலத்தன்மையைக் காட்டி மறுத்தன. இளநீர் ஜெயித்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். இப்போதைக்குக் கையில் பால் இருந்தால் பாலே.

டாக்டர் அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் ரூட் கேனால் தேவைப்படும். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்பார். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டதே என்று பல்லை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தாமதமாக வைத்த பல்லும் சில ஆண்டுகளாவது நின்று, வளரும் பிள்ளையின் தாடை எலும்பு கரையாமல் காப்பதுண்டு.

பல் முழுதாக விழாமல் உடைந்தால், உடைந்த துண்டையும் பாலில் போட்டு எடுத்துப் போங்கள், பல சமயம் ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்திருக்கிறது என்றால் அது உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம். பிள்ளை விடாமல் இருமினால் நெஞ்சு எக்ஸ்ரே கேளுங்கள்.

வீக்கம் காத்திருக்காது

சொத்தை முற்றிய கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் சீழ் கட்டுகிறது. எலும்புக்குள் இடமில்லாமல் அது நெருக்கும்போது வலி உச்சத்தில் இருக்கும். ஒரு நாள் அந்தச் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அழுத்தம் இறங்கியதும் வலி சட்டென்று குறைகிறது, கன்னம் வீங்குகிறது. “வலி போயிடுச்சு, வீக்கம்தான் இருக்கு” என்று வீடு நிம்மதியாகிறது. கவலைப்பட வேண்டியது அந்த நேரத்தில்தான்.

கீழ்க் கடைவாய்ப் பற்களிலிருந்து கிளம்பும் தொற்று தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுப் பாதையே அடைபடலாம். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836ல் விவரித்ததால் இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். இன்றைக்கும் இதில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லில் தொடங்குபவைதான். தாடைக்குக் கீழே இரு பக்கமும் கட்டையாக வீங்குவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுவது, குரல் மாறுவது, படுத்தால் மூச்சு முட்டுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்க்கக் கூடாது. 108ஐ அழைத்து, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்தே கொண்டு போங்கள். மேல் பல்லின் வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு ஏறினாலும், வீக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலும் இதே அவசரம்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கெடு இன்னும் குறைவு. அவர்கள் உடம்பில் தொற்று வேகமாகப் பரவும்.

வீக்கத்துக்கு நம் வீடுகளில் உடனே நடப்பது வெந்நீர் ஒத்தடம். கன்னத்தில் வெளியிலிருந்து சூடு வைக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுப்பது வலிக்கு ஆறுதல். உள்ளே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும்.

அடுத்தது மெடிக்கல் கவுன்ட்டர். “அண்ணே, பல்வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க.” அண்ணனும் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு கேஸ் மாத்திரை என்று மூன்றைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார். இரண்டு வேளை சாப்பிட்டு வலி குறைந்ததும் மிச்சம் அலமாரிக்குப் போகும், பல் மறந்துபோகும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. மருந்து எப்படி அங்கே போய்ச் சேரும்? சீழை வெளியேற்றி, ரூட் கேனால் செய்ய வேண்டும் அல்லது பல்லை எடுக்க வேண்டும். மாத்திரை அட்டையின் முதுகில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. அந்தக் கோட்டைக் கவனிக்கச் சொல்லி மத்திய அரசு 2016ல் பிரசாரமே நடத்தியது. ஆனால் கத்தரித்துக் கொடுக்கும் இரண்டு மாத்திரையில் யார் கோட்டைப் பார்க்கிறார்கள்!

இரவு இரண்டு மணி வலி

பகலில் முணுமுணுத்த பல் படுத்ததும் ஏன் அலறுகிறது? பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் சின்ன அறைக்குச் சுற்றிலும் கெட்டிச் சுவர். உள்ளே வீங்கினால் விரிய இடமில்லை. படுக்கும்போது தலைக்கு ரத்த ஓட்டம் கூடி அந்த அழுத்தம் ஏறுகிறது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தாலே கொஞ்சம் இறங்கும். சூடு பட்டால் துடிக்கிறது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால் சுகமாக இருக்கிறது என்ற நிலைக்கு வந்துவிட்டால், அந்தப் பல்லை வெறுமனே அடைத்துக் காப்பாற்றும் கட்டம் பெரும்பாலும் தாண்டிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரை விஷயத்தில் பாரசிட்டமால்தான் வீட்டுக்குப் பாதுகாப்பு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். எக்காரணம் கொண்டும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் ஒளிந்திருப்பதால் அதையும் கணக்கில் சேருங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த அளவுக்கெல்லாம் போகக் கூடாது. குழந்தைக்கு எடைக்கு ஏற்ற அளவைக் குழந்தை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைப்பது நல்லது. ஐபுபுரூஃபன் பல்வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தானாக எடுக்கக் கூடாது. நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். நிமசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011லேயே தடை செய்யப்பட்டது. வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று பிள்ளைக்குப் பாதி உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கிராம்பு பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் என்ற பொருளைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத்தான் பல் டாக்டர்களே தற்காலிகமாகச் சொத்தையை அடைத்து வந்திருக்கிறார்கள். சின்னப் பஞ்சில் ஒரு சொட்டு நனைத்து, ஈறில் படாமல் குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். பாட்டிலோடு ஊற்றினால் ஈறு வெந்துபோகும். நசுக்கிய பூண்டும் அப்படித்தான் புண்ணாக்கும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைப்பவர்களின் ஈறு வெள்ளையாக வெந்து உரிவதை எந்தப் பல் டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். புகையிலையை அடக்கிக்கொள்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்துப் ‘பல் பூச்சி’ எடுப்பவர்கள் கிராமத்துச் சந்தைகளில் முன்பு சகஜம், இன்றும் அங்கங்கே உண்டு. பல்லில் புழு இருக்கிறது என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை, ஐரோப்பாவிலும் இருந்தது. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728ல் எழுதிய நூலில் அதை மறுத்தார். சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் நாம் அவற்றுக்குப் போடும் சர்க்கரையும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கீழ்த்தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் குறைகிறது. கூடவே வியர்க்கிறது, நெஞ்சு இறுக்குகிறது, இடது கை கனக்கிறது என்றால் அது பல்வலி இல்லை. மாரடைப்பின் வலி தாடையில் தெரியும். கிராம்பைத் தேடாமல் 108ஐ அழையுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

பல் எடுத்த அன்று இரவு ரத்தம் கசிந்தால், சுத்தமான காஸ் துணியைக் கெட்டியாக மடித்துக் குழியின் மேல் வைத்து, அரை மணி நேரம் எடுத்துப் பார்க்காமல் கடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் ரத்தம் நிற்பதில்லை. நனைத்த டீ பேக்கும் உதவும், தேயிலையின் துவர்ப்பு ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தும். கொப்பளிப்பது, துப்பிக்கொண்டே இருப்பது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, புகைப்பது நான்கும் உறைந்த ரத்தத்தைப் பிடுங்கிவிடும். எச்சில் ஒரு நாள் வரை இளஞ்சிவப்பாக இருப்பது சகஜம். இரண்டு முறை அழுத்தியும் வாய் நிறைய ரத்தம் வந்தால் மருத்துவமனை. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கேப் கழன்றால் பத்திரப்படுத்தி டாக்டரிடம் கொண்டு போங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டுபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். பல் செட்டையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். வேண்டாம். கிளிப் போட்டிருக்கும் பிள்ளைக்குக் கம்பி கன்னத்தில் குத்தினால், பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தள்ளி மடக்கி, கிளிப்புக்கான மெழுகை உருட்டி அதன் மேல் அப்புங்கள். கம்பியை வீட்டில் வெட்டினால் துண்டு தொண்டைக்குள் போகும்.

அலமாரியில் ஒரு டப்பா

ஐநூறு ரூபாய்க்குள் அடங்கும் சமாசாரம் இது. திருகு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று, விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போக. உறை பிரிக்காத காஸ் துணி, சிறிய சலைன் பாட்டில், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பாரசிட்டமால், கிராம்பு எண்ணெய், பஞ்சு, ஒரு ஜோடி கையுறை. வாய்க்குள் பார்க்க ஒரு குட்டி டார்ச். செல்போன் வெளிச்சம் போதும் என்று நினைப்பீர்கள், ஆனால் ஒரு கையில் போனும் மறு கையில் அழும் பிள்ளையின் தாடையும் இருக்கும்போது அது எவ்வளவு அசவுகரியம் என்பது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலாவதித் தேதிகளைப் பாருங்கள்.

டப்பாவின் மூடிக்குள் ஒரு தாளை ஒட்டுங்கள். வீட்டுப் பெரியவர்கள் தினமும் எடுக்கும் மாத்திரைகளின் பெயர், யாருக்கு எந்த மருந்து ஒவ்வாமை, பிள்ளை கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதி, உங்கள் பல் டாக்டரின் கைப்பேசி எண், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கிளினிக் எது, பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் பிரிவு எந்த நேரம் இயங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சென்னையில் 1953ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும், 2023ல் புதுக்கோட்டையில் திறக்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே புறநோயாளிப் பிரிவு நேரத்தைக் கேட்டுக் குறித்து வைக்கலாம். இதையெல்லாம் வலி வந்தபின் தேடுவது நடக்காத காரியம்.

வீட்டில் எத்தனை டப்பா வைத்தாலும், முன்பல் வீட்டில் மட்டும் உடைவதில்லை. பள்ளி மைதானத்திலும், கபடிக் களத்திலும், வகுப்பு பெஞ்சு இடுக்கிலும் உடையும். அங்கே பக்கத்தில் இருக்கப்போவது அம்மாவோ அப்பாவோ இல்லை, விளையாட்டு ஆசிரியர். பள்ளி முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பல இடங்களில் பஞ்சும் டிஞ்சரும்தான் இருக்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் ஒரு திருகு மூடி டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். “பல் விழுந்தா வேரைத் தொடாதீங்க சார், பால்ல போட்டு உடனே எங்களுக்குப் போன் பண்ணுங்க” என்று பி.டி. சாரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.